விளாவாத வெந்நீர்

1

அந்த யோசனை எனக்கு எங்கள் லாட்ஜின் மொட்டை மாடியில் வந்தது, அதுவும் கொட்டுகிற மழையில்.

லாட்ஜ் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். திருத்தணி மலையடிவாரத்தில், படியேறப் போகிறவர்கள் இரவு தங்கவும் மொட்டை போட்டவர்கள் குளிக்கவும் அம்மாவும் நைனாவும் நடத்தும் சின்னக் கட்டடம். அந்த ஐப்பசியில் நான் ஜெர்மனியிலிருந்து லீவில் வந்திருந்தேன். மழை விட்டபாடில்லை. துவைத்த படுக்கை விரிப்புகள் எங்கேதான் காய்கின்றன என்று பார்க்கக் குடையோடு மாடி ஏறினேன். தகரக் கூரைக்குக் கீழே, புதிதாகப் போட்டிருந்த ஏசிகளின் வெளிப்பெட்டிகளுக்கு நேர் எதிரே கொடி கட்டி, அத்தனை விரிப்புகளையும் தொங்கவிட்டிருந்தாள் அம்மா. ஏசி ரூம் கேட்டு வாங்கியவர்கள் மழையானாலும் ஏசியை நிறுத்த மாட்டார்கள் அல்லவா? பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. விரிப்புகள் படபடத்துக்கொண்டிருந்தன.

"இன்னாம்மா இது?"

"காத்து சூடா வந்துகினு கீது. சொம்மா போவுதேன்னு கொடி கட்டினேன்" என்றாள். அவளுக்கு அதில் பேச ஒன்றுமில்லை.

நான் விரிப்பை விலக்கி, பெட்டிக்கு முன்னால் கையை நீட்டினேன். நல்ல சூடு. கீழே அறைக்குள் இருந்த சூடு மாடிக்கு வந்து விழுந்துகொண்டிருந்தது. யாரும் எதையும் எரிக்கவில்லை. சூடு இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். சட்டென்று ஜெர்மனி வீட்டின் நிலவறையில் நிற்கும் எண்ணெய்த் தொட்டி நினைவுக்கு வந்தது. இதையே திருப்பிப் போட்டால்? வெளியே இருக்கிற சூட்டை அள்ளி உள்ளே கொட்டினால்? ஹீட் பம்ப் என்ற பெயரை அங்கே எத்தனையோ விளம்பரங்களில் படித்திருக்கிறேன். அது என் கையில் பட்டது அன்றைக்குத்தான்.

அங்கேயே நின்று பாவாவுக்குப் போன் போட்டேன். பாவா என்றால் என் கணவர். நகரிக்காரர்; எங்கள் ஊரில் பஸ் ஏறினால் ஆந்திர எல்லை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வருகிற ஊர். கட்டிக்கொண்டவரை பாவா என்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம்.

"பாவா, நம்ம வீட்டு எண்ணெய் பாய்லரைத் தூக்கிடலாம்."

"மழையில நனைஞ்சியா? தலையைத் துவட்டிட்டுப் பேசு" என்றார்.

அதே நேரம் கீழே பின்கட்டில், மொட்டை போட்டவர்களுக்கு வெந்நீர் காய்ச்சச் சவுக்கு விறகு எரிந்துகொண்டிருந்தது. மாடியில் சூடு வீணாகிறது, கீழே சூட்டுக்காக விறகு எரிகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் எண்ணெய்த் தொட்டியை வெட்டி எடுத்து இந்த வாரத்தோடு ஒரு வருஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

2

எங்கள் வீடு தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. பழைய வீடு. நிலவறையில் எண்ணெய்த் தொட்டி, பக்கத்தில் பாய்லர். லாரி வந்து தெருவிலிருந்தே குழாய் நீட்டி எண்ணெய் நிரப்பிவிட்டுப் போனால், ஒரு வாரத்துக்கு வீடு முழுக்க ரேஷன் கடை மண்ணெண்ணெய் வாசனை அடிக்கும். எனக்கு அது பிடிக்காது. பாவாவுக்கு அந்த பாய்லர் என்றால் உயிர். காலையில் அது 'குப்' என்று பிடிக்கிற சத்தம் கேட்டால்தான் அவருக்குக் குளிர் விடும்.

"நெருப்பே இல்லாம வீடு எப்படி சூடாகும்? வெளியே மைனஸ்ல இருக்கு. அந்தக் காத்துல இன்னா சூடு இருக்கப் போவுது, நீ அள்ளறதுக்கு?"

"இருக்கு பாவா. ஃபிரிஜ்ஜுக்குப் பின்னாடி கை வெச்சுப் பாரு. உள்ள அவ்ளோ குளிர்லயும் சூட்டை இழுத்து வெளிய தள்ளுதுல்ல?"

அவர் போய் ஃபிரிஜ்ஜுக்குப் பின்னால் கை வைத்துப் பார்த்தார். பிறகும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பார்த்தார். எனக்கு அது போதும்.

அதற்கப்புறம் வந்தது அலுவலகப் படலம். எனக்கு ஜெர்மன் பேச வரும், எழுதும்போதுதான் கால் இடறும். பம்ப் மாட்ட அனுமதி கேட்ட மனுவில், அவசரத்தில் 'வெப்பப் பம்ப்' என்பதற்குப் பதிலாக 'தண்ணீர் பம்ப்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். ரொம்ப நாள் கழித்துத் தபாலில் பதில் வந்தது. உங்கள் பகுதியில் போர் போடுவதற்கு நிலத்தடி நீர்த் துறையின் அனுமதி தேவை என்று மரியாதையாக விளக்கியிருந்தார்கள். அதே வாரம் நைனாவிடம் விஷயத்தைச் சொன்னேன். லாட்ஜ் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களின் பெயர் எழுதும் மனுஷன், போனிலும் நிதானமாகத்தான் கேட்பார்.

"பம்பா? எத்தினி ஹெச்பி மோட்டாரு? கெணறு எங்க வெட்டினீங்க?"

கடல் கடந்து இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் ஒரே கிணறு தெரிந்ததை நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு சரியான சொல்லோடு மறுபடி எழுதினேன். மறுபடி காத்திருந்தேன். ஊரில் என்றால் காத்திருக்கத் தேவையில்லை. நேரில் போய் நிற்கலாம். மலையிலிருந்து கொண்டுவந்த பிரசாதத்தை நீட்டினால், மேசைக்குப் பின்னால் இருப்பவர் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். அதோடு பேச்சும் தொடங்கிவிடும். இங்கே நீட்டுவதற்கு ஒரு முகம் கிடையாது. எல்லாமே தபால்பெட்டிதான்.

கடைசியில் ஒரு கோடையில் அனுமதி வந்தது. அதற்குள் எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது.

பாவாவின் முகம் மாறியது அப்போதுதான். இதுவரை விளையாட்டாக மறுத்துக்கொண்டிருந்தவர், இப்போது நிஜமாகவே பயந்தார். "நடுக் குளிர்ல கொழந்தை பொறக்கப் போவுது. ஊர்லேர்ந்து அத்தை வேற வராங்க. அப்பப் போயி புதுசா எதையாவது மாட்டி வீடு சில்லுனு ஆயிட்டா?"

பயம் நியாயமானது. அதனால் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஹீட் பம்ப் வரலாம். ஆனால் எண்ணெய் பாய்லர் அப்படியே இருக்கும். குழந்தை பிறந்து ஒரு மாதம் முடிகிற வரை தொட்டியில் யாரும் கை வைக்கக் கூடாது. அந்த ஒரு மாதத்தில் அம்மா ஒரே ஒரு தடவை "எண்ணெயைக் கொளுத்துங்க" என்று சொல்லிவிட்டால், ஆட்டம் முடிந்தது. பாய்லர் திரும்ப எரியும், என் பெட்டி தோட்டத்தில் அலங்காரமாக நிற்கும்.

தீர்ப்புச் சொல்பவர் அம்மா. பிறந்ததிலிருந்து வெந்நீர் வியாபாரத்தில் இருப்பவள்.

3

இலையுதிர் காலத்தில் ஆட்கள் வந்தார்கள். சில அறைகளில், வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் பழைய ரேடியேட்டர்களைக் கழற்றிவிட்டு அகலமானவற்றை மாட்டினார்கள். தண்ணீர் முன்பு போலக் கொதிக்கக் கொதிக்க ஓடாது, இதமான சூட்டில்தான் ஓடும், அதனால் பரப்பு பெரிதாக இருக்க வேண்டும். ஜன்னல் இடுக்குகளை அடைத்தார்கள். தோட்டத்து ஓரத்தில் வெளிப்பெட்டி வந்து உட்கார்ந்தது. பார்க்க எங்கள் லாட்ஜ் மாடியில் இருப்பதற்கு அண்ணன் மாதிரி இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஹெர் லாங்கேவுக்கு அதன் சத்தம்தான் கவலை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தினமும் பார்ப்பார். ஒரு நாள் கேட்டேவிட்டார்:

"எப்போது ஓடவிடப் போகிறீர்கள்? முன்கூட்டியே சொல்லுங்கள். நான் மகள் வீட்டுக்குப் போய்விடுகிறேன்."

"அது ஓடத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறதே" என்றேன்.

அவர் வேலிமேல் காதை நீட்டிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு "ம்ம்" என்றார். ஜெர்மானியர் ஒருவரிடமிருந்து வரும் "ம்ம்" எவ்வளவு பெரிய விருது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

அடுத்த பிடிவாதம் கார். வீட்டுக்குள் எண்ணெயை நிறுத்திவிட்டு வாசலில் டீசல் வண்டியை நிறுத்திவைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. வண்டியை விற்று, பேட்டரிக் கார் வாங்கினோம். அதில் எங்கள் முதல் நீண்ட பயணம், அம்மாவை அழைத்து வர ஏர்போர்ட்டுக்குப் போய்த் திரும்பியது.

அன்றைக்குப் பனி. குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும் என்று படித்திருந்தேன். திரையில் கிலோமீட்டர் இறங்குவதைக் கண்ணால் பார்ப்பது வேறு. அம்மா முறுக்கு டின், பிள்ளை பெற்றவளுக்கான மருந்துப் பொடிகள், அரப்புப் பொட்டலம் எல்லாவற்றோடும் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள்.

"சீட்டுக்குக் கீழ எவன்டி அடுப்பு வெச்சான்?"

"அது சூடாவுற சீட்டும்மா. உட்காரு."

உட்கார்ந்தாள். பிறகு இறங்கச் சொன்னபோதுகூட இறங்க மனசு வரவில்லை. பாதி வழியில் சார்ஜ் போட நிறுத்தினோம். பாவா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வண்டி நின்றுபோன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அம்மா ஜன்னல் வழியே பார்த்தாள். வரிசையாகக் கார்கள், ஒயர் மாட்டிக்கொண்டு சும்மா நிற்பவர்கள், காபிக் கோப்பைகள், குழந்தைகள்.

"இன்னாத்துக்கு எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிகினு கீறாங்க? கனகம்மாசத்திரத்துல பஸ்ஸு நிக்கும்ல, அந்த மாதிரிதானே? வண்டிக்கு ஒரு டீ, நமக்கு ஒரு டீ" என்று சொல்லி, முறுக்கு டின்னைத் திறந்தாள்.

பாவா சிரித்துவிட்டார். முறுக்கு தீர்வதற்கு முன்னால் வண்டிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வீடு வந்து சேர்ந்தபோது திரையில் மிச்சம் நிறைய இருந்தது. காருக்கான வழக்கை அம்மா ஒரு டின் முறுக்கில் முடித்துவைத்தாள். வீட்டுக்கான வழக்கு பாக்கி.

4

தை பிறந்த கையோடு இனியா பிறந்தாள். வலி எடுத்த மத்தியானம் வெளியே எல்லாம் உறைந்து கிடந்தது. நான் செருப்பு மாட்டுவதற்குள் பாவா போனைத் தட்டிக் காரைச் சூடாக்கியிருந்தார். கண்ணாடியில் பனி சுரண்டவில்லை. எஞ்சின் பிடிக்குமா என்று யாரும் மூச்சைப் பிடிக்கவில்லை. சத்தமில்லாமல் போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது வண்டி. சத்தம் போட்டதெல்லாம் நான்தான்.

வீட்டுக்கு வந்த சில நாளில் பிரச்சினை தொடங்கியது. காலையில் எழுந்தால் வீடு சில்லென்றிருந்தது. மத்தியானம் மெல்ல ஏறும், சாயங்காலம் சரியாக இருக்கும், அடுத்த நாள் காலை மறுபடி சில். குழந்தைக்கு இரட்டைக் குல்லா போட்டோம். அம்மா இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, என் முன்னால் நடந்துகொண்டே இருந்தாள். ஒரு காலையில் பாவா நிலவறையில் பழைய பாய்லருக்கு முன்னால் கை கட்டி நிற்பதைப் பார்த்தேன். சாமி கும்பிடுகிற மாதிரி நின்றார்.

"பாவா, இன்னும் மாசம் முடியல."

"நான் இன்னா பண்ணேன்? சொம்மா பாத்துகினு கீறேன்."

எனக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் இதே குளிரில் வீடு இதமாக இருந்ததே! கணக்கில் தப்பா, ரேடியேட்டரில் காற்றா, ஜன்னலா? பால் கொடுக்கும் நேரமெல்லாம் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு ஜெர்மன் ஆட்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். விடை அதில் எதிலும் இல்லை. மறுநாள் காலை இனியாவைத் தோளில் போட்டுக்கொண்டு நிலவறைக்கு இறங்கினேன். சுவிட்ச் பெட்டியைத் திறந்தேன். ஹீட் பம்பின் சுவிட்ச் கீழே இறங்கியிருந்தது.

"அம்மா!"

மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "நாந்தான் அணைச்சேன். எல்லாரும் தூங்கறப்ப அதுக்கு இன்னா வேலை? காலீல எழுந்ததும் நானே போட்டுர்றேனே. இன்னிக்கு மறந்துட்டேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் அந்தக் காட்சியை நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். லாட்ஜில் படுக்கப் போகுமுன் அம்மா ஒரு சுற்று வருவாள். படிக்கட்டு லைட், மோட்டார், காலி ரூம் ஃபேன், ஒவ்வொன்றாக 'டக் டக்' என்று அணைந்துகொண்டே வரும். நான் பிள்ளையோடு படுத்து, வீடு அவள் பொறுப்புக்கு வந்ததும் அந்தச் சுற்றை இங்கேயும் வந்திருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் ஹீட் பம்ப் ஓடிப்போய் பஸ் பிடிக்கிற ஆள் இல்லை. நிதானமாக நடந்துகொண்டே இருக்கும். ராத்திரி முழுக்கப் படுக்கவைத்துவிட்டால், விட்ட தூரத்தைப் பிடிக்க அதற்கு மத்தியானம் ஆகிவிடும்.

அதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தேன். பிறகு கேட்டேன்:

"ஆடிக் கிருத்திகைக்கு நீ வெந்நீர் அடுப்பை நடுவுல அணைப்பியா?"

"அணைச்சா அவ்ளோதான். திரும்பக் காயறதுக்குள்ள மொட்டை போட்ட ஜனம் பக்கெட்டைத் தட்டிகினு கத்தும். ஒரு கட்டையாவது உள்ள எரிஞ்சிகினே இருக்கணும்."

"இங்க மார்ச் வரைக்கும் கிருத்திகைதாம்மா."

"ஆங்... அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று சொல்லிவிட்டு, தானே இறங்கி வந்து சுவிட்சை மேலே தள்ளினாள். மூன்றாம் நாள் அவள் ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினாள். நான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

5

ஆனால் பெரிய கண்டம் குளியலறையில் காத்திருந்தது.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் ஊற்றுவது என்றால் அது சும்மா குளியல் இல்லை. முக்காலியில் உட்காரவைத்து, எண்ணெய் தேய்த்து, முதுகிலும் இடுப்பிலும் பக்கெட் பக்கெட்டாக வெந்நீர் அடித்து ஊற்றுவார்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் ஜெர்மன் மருத்துவச்சி, கை பொறுக்கும் சூடாக இருந்தால் சரி என்று அனுமதி கொடுத்த அன்றே அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். கடையில் தேடி வாங்கிய பெரிய பக்கெட்டில் குழாய்த் தண்ணீரை நிரப்பினாள். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

முதல் சொம்பு விழுந்ததும் எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது. வெதுவெதுப்புகூட இல்லை. இரண்டாவது சொம்பில் பல் கிட்டியது.

அம்மா பக்கெட்டில் கையை விட்டாள். அவள் முகம் சிவந்துவிட்டது.

"இதுவாடி வெந்நீரு? இத்த ஊத்தினா உனக்கு ஜன்னிதான் வரும். இம்மாம் பெரிய பெட்டி, இம்மாம் பெரிய டேங்கு, ஒரு பக்கெட்டு சுடு தண்ணி குடுக்க வக்கில்ல!" கதவைத் திறந்து கூப்பிட்டாள்: "மாப்ள! அந்த எண்ண அடுப்பைக் கொளுத்துங்க!"

வந்துவிட்டது. அந்தச் சொல் வந்தேவிட்டது. மாதம் முடிய இன்னும் ஒரு வாரம் கூட இல்லை.

பாவா நிலவறைப் படியில் இறங்கும் சத்தம் கேட்டது. நான் எண்ணெய்த் தலையும் துண்டுமாகக் கதவுக்கு ஓடினேன்.

"நில்லு பாவா!"

அம்மா முன்னால் போட வேண்டிய 'ங்க'வை அன்றைக்கு மறந்துவிட்டேன்.

"ஒரே ஒரு தரம். இன்னொரு பக்கெட் பிடிச்சுப் பாத்துடலாம். அதுவும் இப்படி இருந்தா நானே வந்து கொளுத்தறேன்."

அவர் படியிலேயே நின்றார். நான் இந்தத் தடவை முக்காலியைத் திருப்பிப் போட்டு, அம்மாவைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அவள் பழைய தண்ணீரைக் கொட்டினாள். சுடு தண்ணீர்க் குழாயைத் திறந்து பக்கெட்டில் பாதி நிரப்பினாள். அதை மூடிவிட்டு, கை தானாக அடுத்த குழாய்க்குப் போனது. பச்சைத் தண்ணீரைத் திறந்தாள்.

"இரும்மா. நீ இன்னா பண்ற?"

"விளாவறேன்."

"எதுக்கு விளாவற?"

"விளாவாம ஊத்தினா தோலு உரிஞ்சி தொங்கும். இன்னாடி கேள்வி இது?"

"தொட்டுப் பாத்தியா?"

தொட்டிருக்க மாட்டாள். பின்கட்டு அண்டாவில் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை யார் தொட்டுப் பார்ப்பார்கள்? பக்கெட்டில் பாதி வெந்நீர், மேலே பாதி பச்சைத் தண்ணீர். அது கை சொல்கிற கணக்கு, மனசுவரை போகவே போகாது. எங்கள் லாட்ஜில் தங்கிய அத்தனை மொட்டைத் தலைகளுக்கும் அந்தக் கைதான் விளாவிக் கொடுத்திருக்கிறது.

"இப்ப தொடு. பச்சத் தண்ணி கலக்காம தொடு."

விரல் நுனியை வைத்தாள். எடுத்தாள். மறுபடி முழுக் கையையும் விட்டாள். முழங்கை வரை விட்டாள்.

"ஏண்டி" என்றாள் மெதுவாக, "இது விளாவின தண்ணியாச்சே!"

"ஆமாம்மா. இந்தப் பெட்டி விளாவித்தான் குடுக்கும்."

பாவா கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அத்தை, நான் இறங்கறதா ஏர்றதா?" என்று கேட்டார்.

"ஏறுங்க மாப்ள, ஏறுங்க!"

பிறகு ஊற்றினாள் பாருங்கள்! பக்கெட் பக்கெட்டாக, அடித்து அடித்து. கண்ணாடி மூடிப்போகிற அளவுக்கு ஆவி. பிரசவம் ஆன நாளிலிருந்து விறைத்துக் கிடந்த என் இடுப்பு, அந்தத் தண்ணீரில் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்தது. நான் அழுதேன் என்றால் அது வலியினால் இல்லை.

அம்மா என் தலையைத் துவட்டினாள்.

"அப்போ" என்று ஆரம்பித்தாள், "நான் அங்க வெறகை எரிச்சி, தண்ணியைக் கொதிக்க வெச்சி, அதுல பச்சத் தண்ணியை ஊத்தி ஆற வெச்சிக் குடுக்கறேன். அவ்ளோ கொதிக்க வெச்சது இன்னாத்துக்கு?"

இந்த ஹீட் பம்ப் விஷயம் முழுவதையும் அவள் ஒரே கேள்வியில் அடக்கிவிட்டாள். நெருப்புக்குக் கொதிக்கவைக்கத்தான் தெரியும், எங்கே நிறுத்துவது என்று தெரியாது. மிச்சத்தை நாம்தான் ஆற்ற வேண்டும். வேண்டிய பதத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் இந்தப் பெட்டியின் சாமர்த்தியம். பாவாவிடம் எத்தனையோ வரைபடம் போட்டு நான் விளக்கியதில் ஏறாதது, 'விளாவின தண்ணி' என்ற வார்த்தையில் ஏறிவிட்டது. இப்போதெல்லாம் ரேடியேட்டரைத் தொட்டுவிட்டு அவரே விருந்தாளிகளுக்குத் தமிழும் தெலுங்கும் கலந்து விளக்குகிறார்: "இதுவும் விளாவின தண்ணிதான் சார், அதான் அகலமா இருக்கு."

அன்றைக்கு ஒரு சேதாரம் உண்டு. அம்மா வெந்நீர்த் தொட்டியை அடிவரை காலி செய்துவிட்டாள். அடுத்துக் குளிக்கப் போன பாவா போட்ட கூச்சல் ஹெர் லாங்கே வீடு வரைக்கும் கேட்டிருக்கும். மறுநாளே தண்ணீர் சூடாகும் நேரத்தை மாற்றினேன். கிருமி வராமலிருக்க வாரம் ஒரு முறை தொட்டியை அதிகச் சூட்டுக்கு ஏற்றும் வேலை ஒன்று உண்டு. பொருத்தியவர்கள் அதைச் செவ்வாய்க்கிழமை வைத்திருந்தார்கள். அதை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளினேன். தலைக்கு ஊற்றும் நாளில் தண்ணீர் தாராளமாக இருக்க வேண்டாமா? அந்த ஒரு நாள் மட்டும் விளாவிக்கொள்ள அம்மாவுக்கு அனுமதி உண்டு.

6

மாதம் முடிந்த அன்றைக்கு வெளியே அந்தக் குளிர்காலத்தின் மோசமான குளிர். பாவா வந்து அம்மா எதிரில் உட்கார்ந்தார். கோர்ட்டில் கேட்கிற மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அத்தை, உண்மையைச் சொல்லுங்க. குளிருதா?"

"வேர்க்குது மாப்ள. அந்த ஜன்னலைக் கொஞ்சம் தொறங்களேன்."

நான் கத்திய கத்தலில் இனியா விழித்துக்கொண்டாள்.

தொட்டியை வெட்டி எடுக்க ஆட்களை வரச்சொல்லிப் போன் செய்தது பாவாதான். நான் செய்யவில்லை, இதைப் பதிவு செய்ய வேண்டும். துண்டு துண்டாக வெளியே போனது. பாய்லரும் போனது. அது போகும்போது மட்டும் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார். ரேஷன் கடை வாசனை போன அந்த இடத்தில் இப்போது அரிசி மூட்டையும் இனியாவின் தள்ளுவண்டியும் இருக்கின்றன. இந்தக் குளிர்காலம் தொடங்குமுன் ஹெர் லாங்கே வேலியருகே வந்து, எங்களுக்குப் பெட்டி மாட்டியவர்களின் நம்பர் கேட்டு வாங்கிப்போனார்.

ஒரு வருஷம். இனியா நடக்கிறாள். தோட்டத்துப் பெட்டிக்கு முன்னால் போய் நின்று, அதன் விசிறிக்குத் தலையாட்டிவிட்டு வருகிறாள். குழந்தைகள் காப்பகத்துக்கு விடத் தொடங்கிய பிறகு அவள் வாயில் வந்த முதல் சொல் 'நைன்'. ஜெர்மனில் 'மாட்டேன்' என்று அர்த்தம். சோறு ஊட்டினால் 'நைன்', சட்டை மாட்டினால் 'நைன்'. வீடியோவில் அதைக் கேட்ட நைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா, என்னைத்தான் கூப்புடுது" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நான் திருத்தவில்லை. அவள் இந்த ஊர்ப் பிள்ளையாகத்தான் வளர்வாள், அது எனக்குத் தெரியும். அவளுக்கு இரண்டு ஊரிலும் யாராவது பதில் சொல்லிக்கொண்டிருந்தால் போதும்.

போன வாரம் அம்மா தானாகவே கூப்பிட்டாள். குசலம் கேட்கவில்லை.

"ஏண்டி, மாடியில ஏசிப் பெட்டி சூட்டை வெளிய துப்புது. கீழ நான் வெறகு எரிச்சிகினு கீறேன். ரெண்டையும் ஒண்ணா சேக்க முடியாதா?"

அந்த மழை நாளில் நான் சேர்த்துப் பார்க்காமல் விட்டதை, அவள் கொடியில் விரிப்பு மாட்டிக்கொண்டே சேர்த்துப் பார்த்துவிட்டாள். எனக்குப் பேச்சு நிறுத்த முடியாமல் வந்தது. முடியும் என்றேன். ரூமைக் குளிரவைக்கும்போது வருகிற சூட்டில் தண்ணீரைக் காய்ச்சலாம். ஏசி ஓடாத நாளில் வெளிக்காற்றிலிருந்தே எடுக்கலாம். உறைகிற காற்றிலேயே சூட்டைப் பிழிந்தெடுத்த பெட்டிக்குத் திருத்தணிக் காற்று அல்வா மாதிரி. ஆறாத தொட்டி ஒன்று வேண்டும், விடியற்காலைக் கூட்டத்துக்கு முந்தின நாளே காய்ச்சி வைத்துக்கொள்ள.

பின்னாலிருந்து நைனா குரல் கொடுத்தார்: "கரண்ட்டு போச்சுன்னா?"

"அதுக்குத்தான் நைனா தொட்டி. கரண்ட் போனாலும் சூடு போகாது."

"எம்மாம் பெரிய தொட்டி?"

"அதத்தான் யோசிக்கணும்."

சித்திரையில் வருகிறேன் என்றேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பாவாவும் இனியாவும் கூட வருகிறார்கள். முதலில் இரண்டு ஏசி ரூமை மட்டும் சேர்த்து, சின்னதாக ஒன்று மாட்டிப் பார்ப்போம் என்றேன். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்கு விறகு அடுப்பும் பக்கத்தில் இருக்கட்டும், பயமில்லாமல் இருக்கும் என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. எண்ணெய் பாய்லருக்காக பாவா சொன்ன அதே நியாயம்.

"வெறகுக்காரர்கிட்ட ஆடிக்கு லோடு வாணாம்னு நேத்தே சொல்லிட்டேன்" என்றாள் அம்மா.

"இன்னாம்மா இது, நான் இன்னும் படம்கூட போடல!"

"போடு. ஆடிக்கு நாளு கெடக்குது."

போனை வைத்துவிட்டாள். நான் இனியாவின் வண்ணப் பென்சிலை எடுத்து, அவளுடைய கிறுக்கல் தாளின் பின்பக்கத்திலேயே தொட்டியை வரைந்தேன். பார்த்தேன். ஆடிக் கிருத்திகைக்கு வாசலில் நிற்கும் மொட்டைத் தலைகளை நினைத்தேன். அழித்துவிட்டு இன்னும் பெரிதாக வரைந்தேன்.